மராமத்துக்கு இடம் கொடாத மடிக்கணினி

உத்திரமேரூர் தாலுகாவில் ஒரு விவசாயியின் கிணற்று மோட்டார் புகைந்து போனால் என்ன நடக்கிறது? அவர் மோட்டாரைக் கழற்றி மொபெட்டில் கட்டிப் பஜாருக்குக் கொண்டு வருகிறார். காயில் கட்டும் கடைக்காரர் அதைப் பிரிக்கிறார். கருகிப் போன செப்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் பூசிக் காய வைத்து, இரண்டொரு நாளில் கையில் கொடுத்து விடுகிறார். பேரிங் போயிருந்தால் பேரிங்கை மட்டும் மாற்றுகிறார். நாற்று வாடுவதற்குள் மடையில் தண்ணீர் வந்து விடுகிறது. மோட்டாரைச் செய்த கம்பெனி கோயம்புத்தூரிலோ வேறெங்கோ இருக்கிறது. பிரிக்கலாமா என்று அந்தக் கம்பெனியிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. காசு கொடுத்து வாங்கியவன் மோட்டாருக்குச் சொந்தக்காரன். பிரிப்பதும் பூட்டுவதும் அவன் இஷ்டம்.

அதே விவசாயியின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய மடிக்கணினி நின்று போனால் என்ன நடக்கிறது? அதைத் தூக்கிக் கொண்டு சென்னைக்குப் பஸ் ஏற வேண்டும். குளிர்சாதன அறைக்குள் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். கடைசியில் வரும் பதில்: “போர்டையே மாற்ற வேண்டும், புதிதாக வாங்குவது உங்களுக்கு லாபம்.”

இது வசதியுள்ளவர் வீட்டுச் சாமானைப் பற்றிய பேச்சு, இதற்கு நமது பத்திரிகையில் எதற்கு இடம் என்று சில தோழர்கள் நினைக்கக்கூடும். அப்படியல்ல. இன்று பட்டா, சிட்டா கணினியில். உபகாரச் சம்பள மனு கணினியில். வேலைக்கு மனு, பரீட்சைக்குப் பணம் கட்டுவது, நெல் கொள்முதலுக்குப் பேர் பதிவது, எல்லாம் கணினியில். ஏரும் கலப்பையும் விவசாயிக்கு எப்படியோ, அப்படி இந்தப் பெட்டியும் படிக்கிற பிள்ளைக்கும் மனு எழுதுகிறவனுக்கும் வேலைக் கருவியாகி விட்டது. கருவி யார் கையில் என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல.

நமது அலுவலகத்திலும் ஒரு மடிக்கணினி இருந்தது. சென்னையில் வேலை பார்க்கும் ஓர் ஆதரவாளர், தான் புதிது வாங்கியபோது பழையதை நமக்குக் கொடுத்தார். பழையது என்றாலும் வாங்கின நாளில் லட்ச ரூபாய்க்கு மேல் விலை. தகடு போல மெல்லியது, திரை கண்ணாடி மாதிரி. இருளர் குடும்பங்களின் சாதிச் சான்று மனுக்களையும் மனைப்பட்டா மனுக்களையும் அதில்தான் தட்டச்சு செய்து வைத்திருந்தோம். கிராமம் கிராமமாகப் போய்க் குடிசை வாசலில் உட்கார்ந்து எழுதிய விவரங்கள் அவை. ஒரு மழைக்காலத்துக் காலையில் அது உயிர் பெறவில்லை. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டு போனோம். ஈரம் ஏறியிருக்கிறது, மதர்போர்டை மாற்ற வேண்டும், முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். உள்ளே இருக்கும் மனுக்கள்? அவை பதிந்திருக்கும் சில்லு, போர்டோடு ஈயத்தால் பற்றவைக்கப்பட்டது. போர்டு போனால் அதுவும் போகும் என்று அங்கிருந்த பையன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் கையில் இருப்பது திருப்புளி. அதிகாரம் இருப்பது வேறிடத்தில். கையெழுத்துப் பிரதிகள் கிராமக் கிளைகளிடம் இருந்ததால் மனுக்கள் பிழைத்தன. ஆனால் அத்தனையையும் திரும்பத் தட்டச்சு செய்ய மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் தள்ளிப் போயிற்று.

அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். பெயரைச் சொன்னால் மற்ற கம்பெனிகள் யோக்கியமானவை என்றாகிவிடும். இந்த விஷயத்தில் பெரும்பாலும் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

திறக்க முடியாமல் செய்வது ஒரு கலை

பழைய மடிக்கணினிகளில் அடியிலே ஒரு தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி கையோடு வரும். இரண்டு திருகைக் கழற்றினால் நினைவகம், அதாவது ராம், ஒரு சிறு பட்டை போல வெளியே வரும். பெரிதாக வேண்டுமானால் வேறொன்றைச் செருகலாம். படிப்படியாக இவை போயின. 2012-ஆம் ஆண்டு ஆப்பிள் கம்பெனி வெளியிட்ட ரெட்டினா மாக்புக் புரோவில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டினார்கள், நினைவகத்தைப் போர்டோடு பற்றவைத்தார்கள், வெளியே சாதாரணத் திருப்புளிக்கு மசியாத ஐந்து இதழ்த் தலை கொண்ட திருகைப் போட்டார்கள். சாமான்களைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐபிக்ஸிட் என்ற அமெரிக்க நிறுவனம் அதற்குப் பத்துக்கு ஒன்று கொடுத்தது. சந்தையோ பத்துக்குப் பத்து கொடுத்தது. உடனே மற்றவர்களும் அதே வழியில் இறங்கினார்கள்.

மெல்லியதாக்கவும் வேகத்துக்காகவும் இப்படிச் செய்ய வேண்டியிருக்கிறது என்பது கம்பெனிகளின் வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. பற்றவைத்த நினைவகத்தில் சில வகை, குறைந்த மின்சாரத்தில் வேகமாக ஓடும். ஆனால் பேட்டரியைப் பசையால் ஒட்டுவதில் என்ன வேகம்? மூன்று நான்கு ஆண்டில் தேய்ந்து தீர வேண்டிய ஒரே பாகம் அதுதான் என்று அதைச் செய்தவனுக்கே தெரியும். சைக்கிள் டயரைச் சக்கரத்தோடு வார்த்து விற்றால் எப்படியிருக்கும்? அது இது.

இந்தப் புத்தி புதிதும் அல்ல. 1924-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனீவாவில் ஓஸ்ராம், பிலிப்ஸ் முதலிய மின்விளக்குக் கம்பெனிகளும் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக்கின் கூட்டாளிகளும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். ‘பீபஸ்’ கூட்டு என்று அதற்குப் பெயர். அதுவரை 1500 மணி, 2000 மணி என்று எரிந்துகொண்டிருந்த பல்புகள் இனி 1000 மணிக்கு மேல் எரியக் கூடாது என்று தீர்மானித்தார்கள். அதிக நேரம் எரியும் பல்பைச் செய்த கூட்டாளிக்கு அபராதம்! நல்ல சாமான் செய்வது குற்றமாகிப் போன விசித்திரம் அது. அன்று ரகசிய ஒப்பந்தம் தேவைப்பட்டது. இன்று பசை டப்பா ஒன்றே போதும்.

மாற்றிப் பார்த்தோம்

பணம் திரட்டி வேறு கருவி வாங்க வேண்டியதாயிற்று. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், ஏதோ ஒரு பெரிய ஆபீஸ் கழித்துப் போட்ட, 2018-ஆம் ஆண்டு மாடல் திங்க்பேட் டி480 ஒன்றை வாங்கினோம். பதினாறாயிரம் ரூபாய். கறுப்புப் பெட்டி, எடை அதிகம், திரை மங்கல். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனால் பழைய மாஸ்டர்கள் கொண்டு போகும் ஹார்மோனியப் பெட்டி போல் இருக்கிறது என்று கேலி செய்யும் தோழர்கள் உண்டு. இருக்கட்டும்.

அதற்கு இரண்டு பேட்டரி. ஒன்று உள்ளே, ஒன்று வெளியிலிருந்தே கழற்றக் கூடியது. நினைவகத்துக்கு இரண்டு செருகு வாய். வட்டையும் தனியே கழற்றி எடுக்கலாம். பெட்டி செத்தாலும் அதிலுள்ள மனுக்கள் சாகா. நமது பஜாரில் செல்போன் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர், சாதாரணத் திருப்புளியை வைத்துக்கொண்டு, டீ ஆறுவதற்குள் அடி மூடியைத் திறந்து இன்னொரு நினைவகப் பட்டையைச் செருகிக் கொடுத்தார். முன்பு அந்த மாடலைத் திறந்து பார்த்தவரல்ல அவர். எந்தத் திருகு எங்கே, எதை முதலில் எடுப்பது என்ற முழுக் கையேட்டைக் கம்பெனி பகிரங்கமாக இணையத்தில் போட்டிருக்கிறது. அதைப் பார்த்துச் செய்தார். ஆங்கிலத்தில் இருந்ததால் படத்தைப் பார்த்துச் செய்தார் என்று சொல்வது இன்னும் சரி.

இதற்காக லெனோவா கம்பெனிக்கு மாலை போட வேண்டியதில்லை. 2005-ல் ஐ.பி.எம்.மிடமிருந்து இந்த வியாபாரத்தை வாங்கிய கம்பெனி அது. அடுத்த ஆண்டே, அதாவது 2019-ல், வந்த டி490 மாடலில் வெளிப் பேட்டரி காணாமல் போயிற்று. இரண்டு நினைவகச் செருகு வாயில் ஒன்றை எடுத்துவிட்டுப் பற்றவைத்தார்கள். பிறகு 2024-ல் அதே கம்பெனி ஐபிக்ஸிட்டோடு சேர்ந்து, இரண்டு செருகு வாயும் எளிதில் கழலும் பேட்டரியும் கொண்ட டி14 மாடலைக் கொண்டுவந்து, பத்துக்கு ஒன்பது வாங்கியது என்று விளம்பரம் செய்தது. ஆறு வருஷத்துக்குள் விஞ்ஞானம் போய்த் திரும்பி வந்ததா? இல்லை. ஐரோப்பாவில் சட்டம் நெருக்கியது, மொத்தமாக வாங்கும் ஆபீஸ்கள் கேட்டன; பசை கழன்றது. கேட்டால் கழலும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னும் ஒரு படி மேலே போனது பிரேம்வர்க் என்ற அமெரிக்கச் சிறு கம்பெனி. 2021-ல் அவர்கள் விற்கத் தொடங்கிய மடிக்கணினியில் திரை, விசைப்பலகை, செருகு வாய்கள், மதர்போர்டு எல்லாமே தனித்தனியாகக் கழலும். புதுப் போர்டு வந்தால் போர்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கழற்றிய பழைய போர்டைத் தனிக் கணினியாக ஓட்டலாம். நம் பக்கத்துக் கடை எதிலும் அதை நாம் கண்டதில்லை. ஆனால் மெல்லியதாகவும் இருக்கலாம், பிரிக்கவும் முடியலாம் என்று அது காட்டிவிட்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கழற்றி மாட்ட முடிவதனாலேயே ஏகபோகத்தின் பிடி விட்டுப் போவதில்லை. உலகத்தின் நினைவகச் சில்லில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகளின் கையில். 2025-ன் கடைசியில், செயற்கை நுண்ணறிவுக்கென்று கட்டப்படும் ராட்சசக் கணினிக் கூடங்கள் சரக்கை அள்ளிக்கொண்டு போக, நினைவகத்தின் விலை கிடுகிடுவென்று ஏறியது. டிசம்பரில் மைக்ரான், சில்லறை வாடிக்கையாளருக்கு விற்று வந்த தன் ‘குரூஷியல்’ சரக்கையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. செருகு வாய் இருந்தும் செருக வாங்க முடியாத நிலை! இருந்தாலும் வித்தியாசம் உண்டு. செருகு வாய் உள்ளவன் செத்த கணினியிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம், விலை இறங்கும்வரை காத்திருக்கலாம். பற்றவைத்தவனுக்கு வாங்கிய அன்றே விதி எழுதப்பட்டு விட்டது.

பரண்மேல் கிடக்கும் கணினிகள்

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்து வந்த ஆண்டுகளில், எல்காட் மூலம் வாங்கி, 50 லட்சத்துக்கும் மேல் வழங்கினார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை முதன்முதலாகக் கணினியைத் தொட்டது அதனால்தான். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நமது தாலுகாவில் எந்தக் கிராமத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். அந்தக் கணினிகளில் பெரும்பாலானவை துணியில் சுற்றிப் பரண்மேல் இருக்கின்றன. பலவற்றில் போனது ஒரு பேட்டரி, ஒரு சார்ஜர், ஒரு விசைப்பலகை. அக்காவுக்குக் கிடைத்தது தம்பிக்குப் பயன்பட்டிருக்க வேண்டும். பாகம் கிடைக்காததால் பயன்படவில்லை.

பழுதில்லாதவற்றுக்கும் வேறொரு வாசல் அடைபட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-ஐயோ, சுமாராக 2017-க்கு முற்பட்ட கணினிகள் ஏற்காது என்று விதி போட்டு விட்டார்கள். இரும்பு நன்றாக இருக்கிறது, எண்ணெய் ஊற்ற மாட்டேன் என்கிறான்! இதற்கு மாற்று இல்லாமலில்லை. சர்க்காரின் சி-டாக் நிறுவனம் சென்னையிலேயே உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தொடக்க ஆண்டுகளில் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு கூடவே இருந்தது. அதைத் திறந்து காட்டக்கூட ஆளில்லாமல் விட்டார்கள்.

கேரளத்தில் என்ன செய்தார்கள்? 2018-ல் 45,000 வகுப்பறைகளுக்குக் கணினிகள் கொடுத்தபோது, கைட் என்ற சர்க்கார் நிறுவனம் ஐந்தாண்டு உத்தரவாதத்தோடுதான் வாங்கியது. உள்ளே ஓடியது லினக்ஸ். அதே ஆண்டு ‘லிட்டில் கைட்ஸ்’ என்று பள்ளிப் பிள்ளைகளின் குழுக்களை அமைத்து, கணினியின் உள்ளே இருப்பதையும் கற்பித்தார்கள். மொத்தமாக வாங்குகிறவனுக்கு நிபந்தனை போடும் சக்தி உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கை, இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினிகள் என்று அறிவித்து 2000 கோடி ரூபாய் ஒதுக்கியது. இத்தனை பெரிய வாடிக்கையாளர் உலகத்திலேயே எத்தனை பேர்? இவர் போய்க் கேட்டால் ‘பேட்டரி கழலும்படி செய்’ என்பதை எந்தக் கம்பெனி மறுக்கும்? கம்பெனிகளோ தூரத்திலும் இல்லை. நமது மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் 2007-லேயே டெல் கணினித் தொழிற்சாலை தொடங்கியது, 2021-ல் எச்.பி. கம்பெனி அங்கேயே பிளெக்ஸ் ஆலையில் மடிக்கணினிகளைப் பூட்டத் தொடங்கியதாக அறிவித்தது. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போய் இந்தப் பெட்டிகளைப் பூட்டுவது நம் ஊர்ப் பெண்களும் பையன்களும்தான். பூட்டத் தெரிந்த கைக்குத் திறக்க உரிமை இல்லை. மாவட்டத்திலேயே பூட்டிய பெட்டிக்கு மாவட்டத்திலேயே ஒரு பேட்டரி கிடைக்காது.

வெளிநாடுகளில் இந்தப் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. பிரான்சில் 2021 ஜனவரி 1 முதல், கடையில் மடிக்கணினி விலைச் சீட்டுக்குப் பக்கத்தில், அதை எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் எழுதி வைக்க வேண்டும். ஐரோப்பிய யூனியனில் 2027 பிப்ரவரி 18 முதல், கையில் தூக்கும் சாமான்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று விதி. அமெரிக்காவிலேயே, டிராக்டர் பழுதை விவசாயி பார்க்க விடாமல் சாப்ட்வேர் பூட்டுப் போட்டதாக ஜான் டீர் கம்பெனி மீது அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் 2025 ஜனவரியில் வழக்குப் போட்டது. அதே கம்பெனியின் பச்சை டிராக்டர் நமது வயல்களிலும் ஓடுகிறது என்பதை விவசாயத் தோழர்கள் கவனிக்க வேண்டும். இந்தியாவில் மத்திய சர்க்கார் 2022-ல் ஒரு குழு போட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று ‘பழுது பார்க்கும் உரிமை’ என்று ஓர் இணையதளம் திறந்தது. 2024-ல் இன்னொரு குழு, 2025-ல் அதன் அறிக்கை. பாகம் விற்றே தீரவேண்டும் என்ற கட்டாயத்துக்குப் பதிலாக, கம்பெனிகள் தாமாகத் தரும் விவரங்களைத் தொகுத்து வைத்தார்கள்.

குப்பையின் கணக்கு வேறு. 2022-ஆம் ஆண்டில் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பையைக் கொட்டியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் உள்ளது 22.3 சதவீதமே என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. மிச்சத்தில் ஒரு பங்கு நம் நாட்டு ஏழைகளின் கொல்லையில், செப்புக்காக எரிகிறது.

பழுது பார்ப்பதை நமது பகுதிக்கு யாரும் வெளியிலிருந்து கற்றுத்தர வேண்டியதில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றால் எல்லோரும் குடவோலையைச் சொல்கிறார்கள். பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய அந்தக் கல்லில் ஏரி வாரியம் என்று ஒரு வாரியமும் இருக்கிறது. நிலமில்லாதவன் பெயர் அந்தக் குடத்துக்குள் போடப்படவில்லை என்பதையும் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஆனாலும் ஏரி என்பது ஒருமுறை வெட்டி விட்டுவிடும் பொருளல்ல. தூர் எடுக்க, கரை போட, மதகைச் சரிசெய்ய ஆண்டுதோறும் ஆள் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெட்டும்போதே பழுது பார்க்க வழி வைத்தார்கள். வயிரமேகத் தடாகம் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நிற்பது அதனால்தான். பின்னாளில் அந்த வேலைக்குக் குடிமராமத்து என்றே பெயர் வந்தது. குடிகள் செய்யும் மராமத்து. கம்பெனி மராமத்து என்றல்ல.

சர்க்கார் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு மடிக்கணினிக்கும் டெண்டரிலேயே நிபந்தனை எழுத வேண்டும் என்பது நமது கோரிக்கை. பேட்டரி பசையில்லாமல் திருகில் நிற்க வேண்டும், நினைவகமும் வட்டும் கழல வேண்டும். ஏழாண்டுக்குப் பாகங்கள் தாலுகா ஊர்களில் நிர்ணய விலைக்குக் கிடைக்க வேண்டும். பழுது பார்க்கும் கையேடு தமிழில் வேண்டும். அரசு ஐ.டி.ஐ.களில் இதற்கென்று பயிற்சி வேண்டும். மோட்டார் காயில் கட்டக் கற்ற ஊருக்கு இதைக் கற்பது மலையல்ல. ஏற்கெனவே கொடுத்தவற்றுக்குச் சர்க்கார் செலவில் பேட்டரி மாற்றி, லினக்ஸ் போட்டுத் தர முகாம்கள் நடத்த வேண்டும்.

இதற்காக நமது கிளைகள் ஊர் ஊராகக் கணக்கெடுக்க இருக்கின்றன. எந்த ஆண்டு கொடுத்த கணினி, என்ன பழுது, எங்கே காட்டினார்கள், என்ன பதில் வந்தது என்று எழுதி, பட்டியலோடு கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறோம். வீட்டில் இருப்பதைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வையுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதை அழுத்தவோ, குத்தவோ, சார்ஜில் போடவோ வேண்டாம்; குழந்தைகள் கைக்கு எட்டாமல் தனியே வைத்துவிட்டு, கணக்கெடுக்க வரும் தோழரிடம் சொல்லுங்கள்.